இன்ஜெக்ட் போட்டும் ஏன் நல்? ஜாவா வெப் சர்வீஸ் பிழைகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

அனோடேஷன், அதாவது ஜாவா கோடில் @ போட்டு எழுதும் குறிப்பு, தானாக எந்த வேலையும் செய்யாது. ஒரு ஃபீல்டின் தலையில் @இன்ஜெக்ட் ('இதற்கு வேண்டிய ஆப்ஜெக்டை வெளியிலிருந்து கொண்டுவந்து வை') என்று எழுதினால், அது கிளாஸ் ஃபைலுக்குள் ஒரு குறிப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். புரோகிராம் ஓடும்போது யாராவது அதைப் படித்து, பொருத்தமான ஆப்ஜெக்டைத் தேடியெடுத்து அந்த ஃபீல்டில் வைத்தால்தான் உண்டு. வைக்காவிட்டால் ஃபீல்டு 'நல்', அதாவது காலி. அந்த யாராவது ஸ்பிரிங்கின் கன்டெய்னராக (ஆப்ஜெக்டுகளை உருவாக்கி இணைக்கும் பகுதி) இருக்கலாம், ஜெர்சி என்ற வெப் சர்வீஸ் லைப்ரரிக்குள் இருக்கும் எச்கே2-ஆக இருக்கலாம், சிடிஐ என்ற ஜாவா இன்ஜெக்ஷன் விதிமுறையை ஓட்டும் வெல்டாகவும் இருக்கலாம். ஒரே புராஜெக்டில் இரண்டு பேர் இருந்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பதும் உண்டு.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஆப்ஜெக்டை உருவாக்கியது யார்? கண்டுபிடிப்பது எளிது. பிரச்சினை தரும் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் பிரேக்பாயின்ட் வையுங்கள். நின்றதும் கால் ஸ்டேக்கைக் கீழே இறங்கிப் படியுங்கள். ஸ்பிரிங்ஃபிரேம்வொர்க் பேக்கேஜ்கள் வரிசையாக வந்தால் உருவாக்கியது ஸ்பிரிங். கிளாஸ்ஃபிஷ் எச்கே2 என்று வந்தால் ஜெர்சி. ஜேபாஸ் வெல்ட் என்று வந்தால் சிடிஐ. உங்கள் சொந்தக் கோடின் ஏதோ ஒரு வரியிலிருந்து நேராக வந்திருந்தால், அங்கே யாரோ 'நியூ' போட்டிருக்கிறார்கள். மற்ற எதையும் தேட வேண்டாம்.

ஃபீல்டு நல்லாக இருக்கிறது

சர்வர் அமைதியாக ஸ்டார்ட் ஆகிறது, ரிக்வெஸ்ட் வந்ததும் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன். இதற்குக் காரணங்கள் பல. அடிக்கடி வருவதிலிருந்து தொடங்குவோம்.

'நியூ' போட்டது முதல் சந்தேகம். கண்ட்ரோலரில் சர்வீஸை ஒழுங்காக இன்ஜெக்ட் செய்துவிட்டு, அந்த சர்வீஸுக்குள் ஒரு ஹெல்பர் கிளாஸை 'நியூ' போட்டு எடுத்திருப்பார்கள். ஹெல்பருக்குள் @ஆட்டோவயர்டு எத்தனை இருந்தாலும் கன்டெய்னருக்கு அந்த ஆப்ஜெக்ட் இருப்பதே தெரியாது.

அடுத்து லாம்போக், அதாவது கன்ஸ்ட்ரக்டர் போன்ற வழக்கமான கோடைத் தானே எழுதித்தரும் லைப்ரரி. @ரிக்வயர்டுஆர்க்ஸ்கன்ஸ்ட்ரக்டர் போட்டிருக்கிறீர்கள், ஆனால் புதிதாகச் சேர்த்த ஃபீல்டுக்கு 'ஃபைனல்' எழுத மறந்துவிட்டது. லாம்போக் ஃபைனல் ஃபீல்டுகளையும் @நான்நல் குறியுள்ளவற்றையும் மட்டுமே கன்ஸ்ட்ரக்டரில் சேர்க்கும். மறந்த ஃபீல்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கம்பைலரும் எதுவும் சொல்லாது. கோட் ரிவ்யூவில் கண்ணுக்கே படாது.

இதற்கு ஒரு சகோதரப் பிழை உண்டு. ஸ்பிரிங் 4.3 முதல், கிளாஸில் ஒரே ஒரு கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அதற்கு @ஆட்டோவயர்டு தேவையில்லை. யாரோ யூனிட் டெஸ்டுக்காகக் காலி கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைச் சேர்க்கிறார்கள். இப்போது இரண்டு கன்ஸ்ட்ரக்டர், எதிலும் அனோடேஷன் இல்லை. ஸ்பிரிங் காலியானதைத் தேர்ந்தெடுத்துவிடும்; ஃபீல்டுகள் எல்லாம் நல். எந்தக் கன்ஸ்ட்ரக்டர் வேண்டுமோ அதில் @ஆட்டோவயர்டு போட்டால் சரியாகும். அந்தக் காலி கன்ஸ்ட்ரக்டரை நீக்குவது இன்னும் நல்லது.

மூன்றாவது, இம்போர்ட் வரி. ஜாவாவின் என்டர்பிரைஸ் விதிமுறைத் தொகுப்பான ஜகார்த்தா இஇ-யின் 9-ஆம் பதிப்பு வந்தபோது பேக்கேஜ் பெயர்கள் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாறின. ஜெர்சி 3 ஜகார்த்தாவை மட்டுமே படிக்கும். ஏதோ ஒரு பழைய லைப்ரரி வழியாக ஜாவாஎக்ஸ் இன்ஜெக்ட் ஜார் கிளாஸ்பாத்தில் வந்து உட்கார்ந்திருந்தால், ஐடிஇ தாராளமாக அந்தப் பழைய @இன்ஜெக்ட்-ஐ ஆட்டோகம்ப்ளீட்டில் நீட்டும். கம்பைல் ஆகும். டிப்ளாய் ஆகும். ஆனால் ஜெர்சியைப் பொறுத்தவரை அது யாருடைய அனோடேஷனோ. ஃபீல்டு நல். மேவன் டிபென்டன்சி ட்ரீயில் அந்த ஜார் எந்த லைப்ரரியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்து எக்ஸ்க்ளூட் செய்துவிட்டால், தவறான இம்போர்ட் எல்லாம் கம்பைல் பிழையாகவே கண்ணில் படும்.

ஸ்டேடிக் ஃபீல்டில் ஸ்பிரிங் இன்ஜெக்ட் செய்யாது. கன்ஸ்ட்ரக்டருக்குள் இருந்துகொண்டு @ஆட்டோவயர்டு ஃபீல்டைத் தொட்டாலும் நல்தான். கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்த பிறகுதான் ஃபீல்டுகள் நிரப்பப்படும். தேவையானதைக் கன்ஸ்ட்ரக்டர் பேராமீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த வேலையை @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடுக்கு நகர்த்துங்கள்.

ஒரே கிளாஸில் ஒரு மெத்தடில் மட்டும் நல்

இதுதான் ஆளைக் குழப்பும். அதே கண்ட்ரோலர், அதே ஃபீல்டு. 'பட்டியல்' என்ற மெத்தடில் சர்வீஸ் வேலை செய்கிறது. 'ரத்து' என்ற மெத்தடில் நல். நேற்று வரை இரண்டும் ஓடின. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: எல்லா கண்ட்ரோலர்களையும் லாக் செய்ய யாரோ ஒரு ஆஸ்பெக்ட் (பல மெத்தடுகளைச் சுற்றித் தானாக ஓடும் கோட்) சேர்த்திருக்கிறார்கள்.

'ரத்து' மெத்தடில் பிரேக்பாயின்ட் வைத்து, 'திஸ்' எந்த கிளாஸ் என்று பாருங்கள். கிளாஸ் பெயரோடு வாலாக 'ஸ்பிரிங்சிஜிலிப்' என்று டாலர் குறிகளோடு ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் 5 என்றால் 'என்ஹான்சர்பைஸ்பிரிங்சிஜிலிப்' என்று இருக்கும். நீங்கள் நிற்பது உங்கள் ஆப்ஜெக்டுக்குள் இல்லை, அதன் ப்ராக்ஸிக்குள், அதாவது அதன் பதிலிக்குள்.

நடப்பது இது. ஆஸ்பெக்ட் வந்ததும் ஸ்பிரிங் உங்கள் கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸை உருவாக்கி அதை முன்னால் நிறுத்துகிறது. அந்த ப்ராக்ஸி ஆப்ஜெக்ட் ஆப்ஜெனிசிஸ் என்ற லைப்ரரி மூலம், கன்ஸ்ட்ரக்டரைக்கூட ஓட்டாமல் பிறப்பது. எனவே அதன் சொந்த ஃபீல்டுகள் எல்லாமே காலி. பப்ளிக் மெத்தடைக் கூப்பிட்டால் ப்ராக்ஸி அதை ஓவர்ரைடு செய்து, உள்ளே இருக்கும் நிஜ ஆப்ஜெக்டுக்குக் கைமாற்றிவிடும். பிரைவேட் அல்லது ஃபைனல் மெத்தடை ஜாவாவில் ஓவர்ரைடு செய்யவே முடியாது. ஆகவே அந்த மெத்தட் ப்ராக்ஸியின் மேலேயே ஓடி, ப்ராக்ஸியின் காலி ஃபீல்டைத் தொடுகிறது.

'ரத்து' மெத்தடின் முன்னால் பாருங்கள், 'பப்ளிக்' என்பதற்குப் பதில் 'பிரைவேட்' என்று இருக்கும். @போஸ்ட்மேப்பிங் இருந்தால் ஸ்பிரிங் எம்விசி பிரைவேட் மெத்தடையும் ரிஃப்ளெக்ஷன் வழியாகக் கூப்பிட்டுவிடும். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. சிடிஐ பக்கமும் இதே குடும்பப் பிழை உண்டு: @அப்ளிகேஷன்ஸ்கோப்டு பீன் (கன்டெய்னர் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) ஒன்றின் ஃபீல்டை வெளியிலிருந்து நேராகப் படித்தால், வருவது ப்ராக்ஸியின் ஃபீல்டு. கெட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

பீன் கிடைக்கவில்லை

பிழை எப்போது வருகிறது என்பதே பாதி விடை. ஸ்பிரிங்கும் வெல்டும் ஸ்டார்ட் ஆகும்போதே கணக்குப் பார்த்து நின்றுவிடும். எச்கே2 அப்படி இல்லை. ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ரிசோர்ஸ் ஆப்ஜெக்டை உருவாக்கும் நேரத்தில்தான் தேடும். ஆகவே ஸ்டார்ட்அப் லாக் சுத்தமாக இருந்து முதல் ரிக்வெஸ்டில் 500 வந்தால், எச்கே2-வைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்பிரிங் பூட்டில் செய்தி தெளிவாகவே இருக்கும்: இந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் 'பேராமீட்டர் 0'-க்கு இந்த வகை பீன் தேவை, கிடைக்கவில்லை. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முதலில் பேக்கேஜைப் பாருங்கள். @ஸ்பிரிங்பூட்அப்ளிகேஷன் உள்ள கிளாஸ் எந்த பேக்கேஜில் இருக்கிறதோ அதையும் அதன் உட்பேக்கேஜ்களையும் மட்டுமே ஸ்பிரிங் ஸ்கேன் செய்யும். மெயின் கிளாஸ் 'ஆப்' பேக்கேஜிலும் சர்வீஸ் பக்கத்து 'கோர்' பேக்கேஜிலும் இருந்தால் அது கண்ணில் படாது. மெயின் கிளாஸை ஒரு படி மேலே நகர்த்துவதே சுத்தமான தீர்வு. ஸ்கேன்பேஸ்பேக்கேஜஸ் என்று பட்டியல் கொடுத்தும் சமாளிக்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது: டேட்டாபேஸோடு பேசும் ஜேபிஏ ரெப்போசிட்டரிகளுக்கும் என்டிட்டிகளுக்கும் அந்தப் பட்டியல் செல்லாது. சர்வீஸ் கிடைத்துவிடும், உடனே அடுத்த பிழையாக ரெப்போசிட்டரி கிடைக்கவில்லை என்று வரும். அதற்கு @எனேபிள்ஜேபிஏரெப்போசிட்டரீஸ், @என்டிட்டிஸ்கேன் இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பேக்கேஜ் சரியாக இருந்தால் @ப்ரொஃபைல், @கண்டிஷனல் வகையறாக்கள் தடுக்கின்றனவா என்று பாருங்கள். '--டீபக்' கொடுத்து ஸ்டார்ட் செய்தால், எந்த ஆட்டோகான்ஃபிகரேஷன் ஏன் ஏற்கப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்ற அறிக்கை லாக்கில் வரும். நீளமானதுதான், ஆனால் கிளாஸ் பெயரைத் தேடினால் ஒரே வரியில் காரணம் கிடைக்கும்.

எச்கே2-வின் செய்தி கொஞ்சம் முரட்டுத்தனம். 'அன்சாட்டிஸ்ஃபைடு டிபென்டன்சி எக்ஸெப்ஷன்' என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட வரிசை. அதில் மூன்றைப் படித்தால் போதும். 'ரிக்வயர்டுடைப்' என்பது தேடிய வகை. 'பேரன்ட்' என்பது யாருக்காகத் தேடியது. 'பொசிஷன்' -1 என்றால் ஃபீல்டு. 0 அல்லது அதற்கு மேல் என்றால் கன்ஸ்ட்ரக்டர் அல்லது மெத்தடின் அத்தனையாவது பேராமீட்டர்.

ரிக்வயர்டுடைப் 'புக்கிங்சர்வீஸ்' என்ற இன்டர்ஃபேஸ் என்று வைத்துக்கொள்வோம். எந்த இன்டர்ஃபேஸுக்கு எந்த கிளாஸ் என்று எழுதிய உங்கள் அப்ஸ்ட்ராக்ட்பைண்டரைத் திறந்து பாருங்கள். எழுத வேண்டிய வரிசை இது: பைண்ட் என்பதற்குள் இம்ப்ளிமென்டேஷன் கிளாஸ், டூ என்பதற்குள் இன்டர்ஃபேஸ். கூகுளின் கைஸ் என்ற இன்ஜெக்ஷன் லைப்ரரியில் பழகியவர்கள் இதைத் தலைகீழாக எழுதிவிடுவார்கள். அங்கே முதலில் வருவது இன்டர்ஃபேஸ். இன்னொன்று, டூ போடாமல் பைண்ட் மட்டும் போட்டு விட்டுவிடுவது. அப்படி விட்டால் இன்டர்ஃபேஸ் பெயரில் தேடும்போது எதுவும் கிடைக்காது. இவை இரண்டும் சரியாக இருந்தால், அந்த பைண்டரை ரிசோர்ஸ்கான்ஃபிக்கில் ரெஜிஸ்டர் செய்தீர்களா என்று பாருங்கள். ஸ்கோப் எதுவும் சொல்லாவிட்டால் எச்கே2 கேட்கும் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் தரும். டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் போன்றவற்றுக்கு இன் என்று போட்டு சிங்கிள்டன் (எல்லோருக்கும் ஒரே ஆப்ஜெக்ட்) சொல்லியே ஆக வேண்டும்.

ஜெர்சி 2.26-க்கு ஏற்றியதும் 'இன்ஜெக்ஷன்மேனேஜர்ஃபேக்டரி கிடைக்கவில்லை' என்று சர்வரே எழாவிட்டால், உங்கள் கோடில் தவறு எதுவும் இல்லை. அந்தப் பதிப்பிலிருந்து எச்கே2 ஒட்டு தனி ஜாராகப் பிரிந்துவிட்டது. ஜெர்சி-எச்கே2 என்ற டிபென்டன்சியை அதே பதிப்பு எண்ணில் சேருங்கள்.

வெல்ட் என்றால் பிழை எண் வெல்ட்-001408. பீன்ஸ் எக்ஸ்எம்எல் என்ற கான்ஃபிக் ஃபைல் இல்லாத ஜாரில், ஸ்கோப் போன்ற அனோடேஷன் உள்ள கிளாஸ்கள் மட்டுமே பீனாகக் கணக்கில் வரும். காலி பீன்ஸ் எக்ஸ்எம்எல் வைத்தால் முன்பு எல்லா கிளாஸும் வந்தன, சிடிஐ 4.0-இல் காலி ஃபைலுக்கும் 'அனோடேட்டடு' முறைதான். ஜகார்த்தா இஇ 10-க்கு மாறியதும் நன்றாக ஓடிய அப்ளிகேஷன் 001408 கக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதோடு, @சிங்கிள்டன் மட்டும் போட்ட கிளாஸ் இந்த முறையில் பீனாக எண்ணப்படாது. @அப்ளிகேஷன்ஸ்கோப்டு என்று மாற்றுங்கள். மாற்றியதும் வெல்ட்-001435 வந்தால், ப்ராக்ஸி செய்ய பேராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கேட்கிறது என்று அர்த்தம், ஒன்று சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி, பீனை உருவாக்கித் தரும் ப்ரொட்யூசர் மெத்தடும் எழுதியாயிற்று, ஆனாலும் 001408. இம்போர்ட்டைப் பாருங்கள். @ப்ரொட்யூசஸ் என்ற பெயரில் இரண்டு அனோடேஷன் இருக்கின்றன: ஒன்று சிடிஐ-யினுடையது, மற்றது ரெஸ்ட் ரெஸ்பான்ஸின் மீடியா டைப்பைச் சொல்வது. ரெஸ்ட் அனோடேஷனுக்கு மதிப்பு கொடுக்காவிட்டாலும் கம்பைல் ஆகும் என்பதால் தவறான இம்போர்ட் தப்பித்துவிடுகிறது.

ஒன்று கேட்டால் இரண்டு இருக்கிறதாம்

ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு இம்ப்ளிமென்டேஷன். ஸ்பிரிங் என்றால் ஒன்றுக்கு @ப்ரைமரி, அல்லது கேட்கும் இடத்தில் @குவாலிஃபையர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு.

லாம்போக் கன்ஸ்ட்ரக்டர் இருக்கும்போது ஃபீல்டின் மேல் போட்ட @குவாலிஃபையர் கன்ஸ்ட்ரக்டர் பேராமீட்டருக்குப் போகாது. லாம்போக் கான்ஃபிக் ஃபைலில் 'காப்பியபிள்அனோடேஷன்ஸ்' பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும், அல்லது கன்ஸ்ட்ரக்டரைக் கையால் எழுத வேண்டும். நான் கையால் எழுதச் சொல்வேன். அடுத்து வருபவருக்கு எங்கோ இருக்கும் கான்ஃபிக் ஃபைல் தெரியப்போவதில்லை.

மற்றது, குவாலிஃபையரே இல்லாமல் பேராமீட்டர் பெயரும் பீன் பெயரும் ஒன்றாக இருந்ததால் இதுவரை ஓடிய கோட். ஸ்பிரிங் 6.1, அதாவது ஸ்பிரிங் பூட் 3.2 முதல், பேராமீட்டர் பெயர் தெரிய கம்பைலருக்கு '-பேராமீட்டர்ஸ்' கொடுத்திருக்க வேண்டும். பூட்டின் மேவன் பேரன்ட்டும் கிரேடில் ப்ளக்இன்னும் அதைத் தாமே கொடுத்துவிடும். ஐடிஇ தன் சொந்த கம்பைலரில் கட்டினால் கொடுக்காமல் விடலாம். மேவனில் ஓடி ஐடிஇ-யில் மட்டும் உடைந்தால் அங்கே போய்ப் பாருங்கள். @பாத்வேரியபிள்-இல் பெயர் சொல்லாமல் விட்டவர்களுக்கும் இதே காரணத்தால் அடி விழும்.

404

பீன் உருவாகியிருக்கிறது, ஆனால் யூஆர்எல் பிடிக்கவில்லை. ஸ்பிரிங் பூட்டில் ஆக்சுவேட்டர் என்ற கண்காணிப்பு வசதியின் மேப்பிங்ஸ் எண்ட்பாயின்டைத் திறந்துவிட்டுப் பாருங்கள். உங்கள் மெத்தட் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் ஸ்கேன் பிரச்சினை, மேலே சொன்ன பேக்கேஜ் கதை. இருந்தால் யூஆர்எல் பிரச்சினை. பூட் 3-க்கு ஏறிய பிறகு வந்த 404 என்றால், யூஆர்எல்லின் கடைசியில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் 6 முதல் 'புக்கிங்' என்பதும் கடைசியில் சாய்கோடு போட்ட 'புக்கிங்/' என்பதும் ஒன்றல்ல.

ஐடிஇ-யில் ஓடுகிறது, சர்வரில் ஜாராகப் போட்டால் எல்லாமே 404. ஸ்பிரிங் பூட்டுக்குள் ஜெர்சி வைத்திருப்பவர்களுக்கு இது வரும். ரிசோர்ஸ்கான்ஃபிக்கில் பேக்கேஜஸ் என்று போட்டு ஸ்கேன் செய்யச் சொல்லியிருப்பார்கள். பூட் கட்டும் ஜாருக்குள் புகுந்து ஸ்கேன் செய்ய ஜெர்சியால் முடிவதில்லை. பூட்டின் ஆவணமே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. ஒவ்வொரு ரிசோர்ஸையும் ரெஜிஸ்டர் வழியாகத் தனித்தனியாகச் சேருங்கள்.

பழையவை ஓடுகின்றன, புதிதாக எழுதிய ரிசோர்ஸ் மட்டும் 404. அப்ளிகேஷன் கிளாஸில் கெட்கிளாசஸ் மெத்தட் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஏதாவது ஒரு கிளாஸைத் திருப்பித் தந்தாலே தானாகக் கண்டுபிடிக்கும் வசதி நின்றுவிடும். பட்டியலில் இருப்பது மட்டும்தான் ஏறும். எக்ஸெப்ஷன்மேப்பர் எழுதியும் கண்டுகொள்ளவில்லை என்பவர்களும் இதே இடத்தைப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. @கெட், @பாத் எல்லாம் இன்டர்ஃபேஸில் எழுதி, இம்ப்ளிமென்டேஷனில் எதுவும் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இம்ப்ளிமென்டேஷன் மெத்தடில் @ப்ரொட்யூசஸ் ஒன்றை மட்டும் சேர்த்தார்கள். எண்ட்பாயின்ட் காணாமல் போனது. @கெட், @பாத் போன்றவற்றை வரையறுக்கும் ஜாக்ஸ்-ஆர்எஸ் விதி அப்படி: மெத்தடில் அதன் அனோடேஷன் ஒன்றே ஒன்று இருந்தாலும், மேலே இன்டர்ஃபேஸ் மெத்தடில் உள்ள அத்தனையும் கணக்கில் வராது. ஒன்று எல்லாவற்றையும் கீழே கொண்டுவாருங்கள், அல்லது எதையும் கொண்டுவர வேண்டாம்.

ஒருவரின் தகவல் இன்னொருவருக்குப் போகிறது

லோடு வந்தால்தான் தெரியும், டெஸ்டில் தெரியாது. ஜெர்சி தன் வழக்கப்படி ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ரிசோர்ஸைப் புதிதாக உருவாக்கும். அந்தத் தைரியத்தில் 'கரன்ட்யூசர்' என்று ஃபீல்டில் வைத்திருப்பார்கள். பிறகு ஸ்பிரிங்குக்கு மாறும்போது அதே கிளாஸின் மேல் @காம்பொனென்ட் ஏறும். ஸ்கோப் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்பிரிங் பீன் சிங்கிள்டன். எல்லா த்ரெடும் அந்த ஒரே ஃபீல்டைத்தான் எழுதிப் படிக்கும். ஸ்கோப்பை மாற்றி ஒட்டுப்போடுவதைவிட, ரிக்வெஸ்ட் சார்ந்த எதையும் ஃபீல்டில் வைக்காமல் மெத்தட் பேராமீட்டராக அனுப்புங்கள்.

@டிரான்சாக்ஷனல் போட்டும் ரோல்பேக் ஆகவில்லை

பிழை வந்தும் டேட்டாபேஸ் மாற்றங்கள் திரும்பப் பெறப்படவில்லை என்றால், அதே கிளாஸுக்குள் இருந்து அந்த மெத்தடைக் கூப்பிட்டிருப்பீர்கள். ப்ராக்ஸி வாசலில் நிற்கும் காவலாளி. வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால் அவருக்குத் தெரியாது. அந்த மெத்தடை வேறு பீனுக்கு மாற்றுங்கள். வெளியிலிருந்து கூப்பிட்டும் ஆகவில்லை என்றால், வீசப்பட்டது செக்டு எக்ஸெப்ஷனா என்று பாருங்கள். ஸ்பிரிங் வழக்கமாக ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எரருக்கும் மட்டுமே ரோல்பேக் செய்யும். மற்றதற்கு ரோல்பேக்ஃபார் என்று சொல்லியாக வேண்டும்.

ஏ-வுக்கு பி வேண்டும், பி-க்கு ஏ வேண்டும்

பூட் 2.6 முதல் இந்த வட்டம் ஸ்டார்ட்அப்பிலேயே பிழை. அலவ்-சர்க்குலர்-ரெஃபரன்சஸ் என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கினால் ஃபீல்டு, செட்டர் வழி வந்த வட்டங்கள் வாய் மூடும். கன்ஸ்ட்ரக்டர் வழி வட்டம் அதற்கும் அடங்காது. இரண்டும் பொதுவாகத் தொடும் வேலையை மூன்றாவது கிளாஸுக்குப் பிரித்தெடுங்கள். அவசரம் என்றால் ஒரு பக்கம் @லேசி.

ரிக்வெஸ்டில் ஓடுகிறது, பின்னணி த்ரெடில் உடைகிறது

ஸ்பிரிங் 'த்ரெடோடு கட்டிய ரிக்வெஸ்ட் இல்லை' என்று சொல்லும், ஜெர்சி 'ரிக்வெஸ்ட் ஸ்கோப்புக்குள் இல்லை' என்று சொல்லும், வெல்ட் 001303 தரும். மூன்றும் ஒரே விஷயம்தான். @கான்டெக்ஸ்ட் வழியாகவோ ரிக்வெஸ்ட் ஸ்கோப்பிலோ வந்த ஆப்ஜெக்ட் பெரும்பாலும் ஒரு ப்ராக்ஸி. நிஜ ரிக்வெஸ்டை அது தற்போதைய த்ரெடிலிருந்து தேடி எடுக்கும். எக்ஸிக்யூட்டரிடமோ @அசிங்க் மெத்தடிடமோ வேலையைக் கொடுத்ததும் த்ரெட் மாறிவிடுகிறது, அங்கே தேடினால் ரிக்வெஸ்ட் இல்லை. வேலையைக் கொடுப்பதற்கு முன்பே யூசர் ஐடி, ஹெடர் என்று தேவையான மதிப்புகளை சாதாரண வேரியபிள்களில் எடுத்து, அவற்றை மட்டும் அனுப்புங்கள்.